இச்சைக்கு அடங்காத சதை

விளாங்குடி,
வைகாசி, 1937

மரியாதைக்குரிய மச்சான் பால்பாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னக்கொடியின் புருஷன் முத்திருளன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நானும் பசுவும் கன்றும் சௌக்கியம். திருவாதவூரில் மழை உண்டா என்று எழுதவும். தங்கள் தங்கையின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவளைத் தாதிப் படிப்பில் சேர்க்கச் சொன்னது தாங்கள்தான். சேர்த்தேன். இப்போது பல் விளக்கும்போதும் குழம்பு கூட்டும்போதும் அவள் வாயில் ஒரே மந்திரம்: “இச்சைக்கு அடங்கிய தசை, இச்சைக்கு அடங்காத தசை.” கலியாணமான பெண்ணுக்கு இச்சையைப் பற்றிப் பாடம் எடுக்கிற மகராசன் யார் என்று கேட்டேன். சுப்பராமன் டாக்டராம். சின்ன வயசாம். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாராம். நான் பேரை மட்டும்தான் கேட்டேன் மச்சான், பொறுமையைக் கேட்கவில்லை.

போன ஞாயிறு தொடைக்கறியும் குடலும் ஆட்டின் இருதயமும் வாங்கி வரச் சொன்னாள். ஆசை ஆசையாய் வாங்கி வந்தால், அடுப்பில் ஏற்றாமல் முறத்தில் பரப்பி வைத்துக்கொண்டு பாடம் ஒப்பிக்கிறாள். ஆஸ்பத்திரியில் பெரிசாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தால் தொடைச் சதையில் குறுக்கே வரி வரியாய் இருக்குமாம், நாம் சொன்னால் அசையுமாம். குடலுக்கு வரியே கிடையாதாம், அது பாட்டுக்கு நெளியுமாம். இருதயத்துக்கு வரியும் உண்டாம், கிளைவிட்டுப் பின்னியும் கிடக்குமாம், ஆனால் யார் பேச்சையும் கேட்காதாம். கறி வீச்சமெடுத்துப் போய் நான் கஞ்சி குடித்தேன்.

பொறுக்க முடியாமல் திங்கட்கிழமை அவள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் மதில் சுவரோரம் நின்றேன். உள்ளே தாழ்வாரத்தில் அந்த டாக்டர், “இருதயம் இச்சைக்கு அடங்குமா, அன்னக்கொடி?” என்று கேட்கிறான். இவள் கூசாமல், “அடங்காதுங்க” என்கிறாள். அவன் “பேஷ்” என்கிறான், மச்சான்! சுவரேறிக் குதித்தேன். குதித்த வேகத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு, அத்தனை பெண்கள் நடுவில் ஐயோ அம்மா என்று விழுந்து கிடந்தேன். அவன் கோபப்பட்டிருந்தாலாவது ஆறியிருப்பேன். என் காலைத் தூக்கிப் பிடித்து, இச்சைக்கு அடங்கிய தசை சில சமயம் இப்படி அடங்காமல் போகும், எல்லோரும் கிட்ட வந்து பாருங்கள் என்று பாடம் நடத்தினான். என் பெண்டாட்டியும் கிட்ட வந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. எழுதவிடாவிட்டால் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்கிறாள். ஆகையால் தாங்கள் அதற்குள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளைத் திருவாதவூருக்கே அழைத்துப் போகவும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தாய் மீனாட்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள், தாங்களும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
முத்திருளன்

பி.கு.: மச்சான், மடிக்கிறதுக்குள்ள அவ வந்து வாங்கிப் படிச்சுட்டா. அழுவான்னு பார்த்தேன், சிரிச்சா. இந்தப் பாடத்துல இச்சைன்னா ஆசை இல்லையாம், நம்ம நெனைச்சா ஆடுறது, நெனைச்சா நிக்கிறதாம். “எங்க, ஒங்க இருதயத்தைச் செத்த நேரம் நிப்பாட்டுங்க பாப்பம்”னு என் நெஞ்சுல கைய வச்சா. நிக்கிறதாவது, அம்புட்டு வேகமா அடிச்சுச்சு. “ஒங்க சந்தேகமும் அந்தச் சாதிதான். நீங்களே சொன்னாலும் கேக்காது”ன்னுட்டுப் படிக்கப் போயிட்டா. ஆகையால் அவளை அழைத்துப் போக வர வேண்டாம். ஆனால் வியாழக்கிழமையே அவசியம் வரவும். மறுநாள் பரீட்சைக்கு அவளைத் தாங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். நான் போனால், அந்தச் சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.