மோப்பக்காரரும் உப்பில் புதைத்த கேமரா உறையும்

பிள்ளைகளே, எங்கள் கடற்கரையில் புயலுக்குப் பயப்படாதவர்கள்கூட மோப்பக்காரருக்குப் பயப்படுவார்கள். மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து, கேமராவின் தோல் உறையையும் தோளில் மாட்டும் வாரையும் பழுது பார்ப்பார். எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார். அதனால் அந்தப் பேர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது, கேட்கத் தைரியமும் இல்லை.

மோந்ததும் திட்டு விழும். "டேய், தேங்காயெண்ணெய் தடவினியா? தோலுக்குத் தலை வாரி பூ வைக்கப் போறியா?"

வார் தைத்து முடித்தால் சோதனை வேறு. அதில் ஒரு செங்கல்லைக் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு, நடுரோட்டில் பத்து தடவை குதிப்பார். பஸ்கூட ஒதுங்கித்தான் போகும்.

சுனாமி வந்துபோன மறுவருஷம் அது. நான் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கும் வேலையில் இருந்தேன். முதலாளி, மகள் பிரசவத்துக்குத் திண்டிவனம் போகும்போது, தன் அப்பாவின் பழைய கேமராவை என்னிடம் கொடுத்தார். "கவர்ல ஒரு கீறல் பார்த்தேன்னா வேலைக்கு வராதே" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மறுநாளே உப்பளத்தில் படம் எடுக்கும்போது, உறை தோளிலிருந்து நழுவிப் பாத்தித் தண்ணீரில் விழுந்தது. கேமரா கையில் இருந்ததால் தப்பியது.

"உப்புல பொதைச்சி வைப்பா, ஈரத்தை இழுத்துடும். மீனுக்கு அப்படித்தான செய்யறோம்?" என்றார் அங்கே வேலை செய்த அக்கா. நியாயமாகத்தான் பட்டது. ரெண்டு நாள் புதைத்து வைத்தேன். எடுத்தபோது உறை வெள்ளை பூத்து, பலகையாய் விறைத்திருந்தது. வார் கையோடு ஒடிந்து வந்தது.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். மோப்பக்காரர் மோந்தார். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை மோந்தார்.

"இதுக்குப் பேரு கேமரா கவர் இல்லப்பா, கருவாடு. கொழம்பு வைக்கலாம்."

"அண்ணே, ஞாயித்துக்கெழம முதலாளி வர்றாரு. வேலை போயிடும்ணே."

"போவட்டும். தோலைக் கொன்னவனுக்கு வேலை ஒரு கேடா?"

ஆனால் உறையைத் திருப்பித் தரவில்லை.

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நாலு நாள் உப்பெடுத்தார். உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலர்த்தினார். தேன்மெழுகு தேய்த்தார். புது வார் தைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் வாங்கப் போனேன். கடையை எட்டுவதற்குள் தெருவில் அலறல்: "தண்ணி வருது! ஓடுங்க!"

அந்த வருஷம் எங்களுக்கு அந்த வார்த்தையே போதும். உறையும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று மேற்கே ஓடி, பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஏறிவிட்டேன்.

எட்டிப் பார்த்தால், எல்லாருக்கும் கடைசியாக மோப்பக்காரர் ஓடி வருகிறார். கழுத்தில் ஒன்பது கேமரா உறைகள், மாட்டுப்பொங்கல் மாடு மாதிரி. காலில் செருப்பில்லை. மாடிக்கு வந்ததும், மூச்சு வாங்க, என் உறையைக் கழற்றி நீட்டினார்.

"செங்கல்லு வேணாம். இந்த ஓட்டத்துக்கே அறுவல, இனிமே அறுவாது."

"உங்க செருப்பு, ஊசிப் பெட்டியெல்லாம் எங்கண்ணே?"

"அது என்னுது, போனா போவுது. இது அடுத்தவங்களுது."

தண்ணீர் வரவில்லை. யாரோ கிளப்பிய புரளி. மறுநாள் முதலாளி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயத்தில் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார்.

ஆனால் பிள்ளைகளே, எனக்கு மறக்காதது மாடியில் அந்த உறையை வாங்கிய நேரம்தான். தோலில் ஊசி இறக்கும்போது இம்மிகூட அசையாத அந்தக் கை, அன்றைக்கு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "விடுடா" என்று அவர் திட்டும்வரை நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.