செகண்டு கியர் கிளம்ப விடாத பேருந்து

மாசி, முதல் திங்கள்: புதுப் பேருந்து தருமபுரி வந்து சேர்ந்தது. பங்குனி, இரண்டாம் வெள்ளி: எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கிடைத்தது. சித்திரை, ஒரு வியாழன்: என் மனைவி காலமானார். அதுவரை அந்தப் பேருந்து ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை.

ஏற்ற விடாத மனிதரை மாவட்டம் முழுவதும் செகண்டு கியர் என்றே அறியும். தொப்பூர் மலைப்பாதையானாலும் எங்கள் வீட்டு மாடிப்படியானாலும், எந்த இறக்கத்திலும் இரண்டாம் கியரில் அல்லாமல் இறங்காத ஒரே மனிதர் உலகில் அவர்தாம். நிறுத்தி வைத்த என் மிதிவண்டிக்கும் சக்கரத்தடியில் கல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

நெடுங்காலம் லாரி ஓட்டியவர். புதிதாக லாரியோ பேருந்தோ வாங்கித் தொழில் தொடங்குபவர்கள், பாதுகாப்பு விதிகளைச் சரிபார்த்துத் தர அவரை அழைப்பார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று சட்டம் கேட்பதெல்லாம் அவருக்கு வெறும் முன்னுரை.

பாலக்கோட்டில் ஒருவருடைய புதுப் பேருந்தில், அவசர வழியில் தாமே இறங்கிப் பார்க்க முனைந்தார். உடம்பு சற்றுப் பெரிது. பாதி வெளியே வந்தபின் மீதி வர மறுத்தது. அந்த நிலையிலேயே தீர்ப்பும் சொன்னார்.

"நானே சிக்கிக்கிட்டேன். கல்யாணக் கூட்டம் எப்படிங்க எறங்கும்?"

"எல்லாரும் உங்க அளவு இருக்க மாட்டாங்கண்ணா," என்றார் வண்டிக்காரர்.

"சாப்புட்டுட்டு வர்ற கூட்டம்னா?"

தக்காளி மண்டியிலிருந்து ஆட்கள் வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பேருந்து என் மனைவியின் எண்ணம். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். பள்ளிச் சுற்றுலாக்களுக்கு நம்பி ஏறத்தக்க ஒரு வண்டி இந்த ஊரில் இல்லை என்பது அவளுடைய நெடுநாளைய குறை. அவளது இதயத்தைப் பற்றி மருத்துவர்கள் என்னிடம் தனியே பேசத் தொடங்கிய பிறகு, முன் இருக்கையில் அமர்ந்து ஒகேனக்கல் வரை ஒருமுறை போய்வர வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

வெள்ளோட்டத்துக்குத் தொப்பூர் இறக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் செகண்டு கியர். ஓட்டுநர் டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினார். இவர் திட்டவில்லை. கீழே சமதளத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேநீர் வாங்கி ஓட்டுநருக்கும் கொடுத்தார். வேறு ஓட்டுநர் அமையும்வரை வண்டி கிளம்பாது என்றார். அவருக்குப் பிடித்த ஓட்டுநர் இந்த மாவட்டத்தில் பிறந்திருக்கிறாரா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது. அதற்குள் காலம் போய்விடும் என்று சொன்னேன். அவர் நேரே வீட்டுக்கு வந்து என் மனைவியிடமே நடந்ததைச் சொன்னார்.

"அவர் செஞ்சது சரிதாங்க," என்றாள் அவள் என்னிடம். "நான் ஒருநாள் போய்ட்டு வர்றதுக்காக ஊரான் புள்ளைங்கள நியூட்ரல்ல எறக்கக் கூடாது."

புது ஓட்டுநர் கிடைப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

மயானத்துக்குக் கொண்டுபோக அமரர் ஊர்தி வந்து நின்றது. உறவினர்கள் அவளைத் தூக்கக் குனிந்த நேரம், செகண்டு கியர் வாசலில் மண்டியிட்டு, ஊர்தியின் டயரைத் தடவிக்கொண்டிருந்தார். மொட்டை டயர்; மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றார். ஊர்தி ஓட்டுநருக்கு எரிச்சல்.

"உள்ள படுத்துக்கினு வர்றவங்களுக்கு இனிமே என்னங்கண்ணா ஆவப்போவுது?"

"சார் பக்கத்துல உக்காந்துக்கினு வர்றாருல்ல," என்று என்னைக் காட்டினார்.

உறவினர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஜாக்கி தேடி, நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டும்வரை அவள் வீட்டிலேயே இருந்தாள். நான் அருகில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை: பேருந்தின் முதல் பயணம். முன் இருக்கையின் உறையைப் பிரிப்பது. செகண்டு கியரை ஒருநாள் சாப்பிட அழைப்பது. அதற்குமுன் நான் ரசம் வைக்கக் கற்றுக்கொள்வது.