கும்பிட்டால் தூக்கம் என்கிறது கார்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை எழில் அவர்களுக்கு மாமனார் ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை ஆதிலட்சுமியும் சௌக்கியம். நீங்களும் கவியாவும் சுகமாயிருக்க அண்ணாமலையார் துணை. போனில் பேசினால் கவியா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் புகுந்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த கார் சமர்த்துதான். ஆனால் பிரதோஷத்தன்று நான் பதினோரு தடவை தூங்கியதாக அது உங்கள் போனுக்குத் தகவல் அனுப்ப, நீங்களும் "இனிமே வண்டிய எடுக்காதீங்க மாமா, டிரைவர் அனுப்பறேன்" என்றீர்களே, அது அநியாயம். அன்று அத்தையோடு கிரிவலப் பாதையில் போனேன். இந்திர லிங்கம் வந்ததும் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையாலும் ஒரு கும்பிடு, கண்ணை மூடி ஒரு அரோகரா. நாற்பது வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை. இந்தக் காருக்குப் பொறுக்கவில்லை. கீங் கீங் என்று கத்தி, திரையில் காபிக் கோப்பை படம் போட்டு, ஓய்வெடுக்கச் சொல்லி ஒரு பெண்குரல் அதட்டுகிறது. சரி, அக்னி லிங்கத்தில் கண்ணை மூடி ஒற்றைக் கையால் கும்பிட்டால், அதற்கும் கீங்; "சாமிக்கு சலாமா போடுறீங்க?"ன்னு அத்தை பிடிச்சிக்கிட்டா. எம லிங்கத்துக்கிட்ட கொஞ்சம் ஜாஸ்தியாவே வேண்டிக்கிட்டேன், அவர் விஷயமாச்சே! வண்டி விளக்கை மினுக்கிக்கிட்டு தானா நடுரோட்டுல நின்னுடுச்சு. பின்னாடி வந்த ஆட்டோக்காரன் காசி எட்டிப் பார்த்து, "இன்னா பெர்சு, தூக்கமா? வூட்ல போய்ப் படு!"ன்றான். நடந்து போற ஜனமெல்லாம் நின்னு பார்க்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு மாப்பிள்ளை. எட்டு லிங்கம், மூணு பிள்ளையார், ஆக பதினொண்ணு. ஒண்ணுகூட தூக்கம் இல்ல, அத்தனையும் பக்தி.

ரிட்டயர் ஆனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்த ஸ்டியரிங் ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதீங்க. கம்பெனியில் சொல்லி, கண்ணைப் பார்க்கும் அந்தக் கேமராவை மட்டும் நிறுத்திக் கொடுங்கள், போதும்.

கவியாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பக்தியால் மட்டுமே கண் மூடும்
ராஜமாணிக்கம்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேற்று மத்தியானம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுத் தனியாகத் திரும்பினேன். கீங் என்றது. கண்ணைத் திறந்தால் புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நிற்கிறது. சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைதான், கோயில் ஒன்றும் இல்லை. உங்கள் போனுக்கு வந்திருக்கும் பன்னிரண்டாவது தகவல் நிஜம். ரொம்பப் பயந்துவிட்டேன் மாப்பிள்ளை. கேமரா இருக்கட்டும். டிரைவரை அனுப்புங்கள். நான் கேட்டதாக அத்தையிடம் சொல்லாதீர்கள், நீங்கள் பிடிவாதமாக அனுப்பியதாகவே இருக்கட்டும்.