ஏழு குடியும் ஒரு சின்னப் போனும்

சொப்ட்வெயார் நல்ல சொப்ட்வெயார்தான் தம்பி. அதில ஒரு பிழையும் இல்ல. தாராளமாப் பாவிக்கலாம்.

கல்குடாவில ரூம் வாடகைக்கு விடுற தம்பி ஒராள் கேட்டிரிக்கார், "அண்ணன், நீங்க கோயில் வெப்சைட் செஞ்ச அந்தச் சாமான் எனக்குச் சரிவருமா?" எண்டு. சரிவரும். உங்கட ரூமுகளுக்குள்ள ஆர் பெரிய ஆள் எண்டு சண்டை வராது. எனக்கு வந்த.

விசயம் சின்ன விசயம். வாவிக்கரையில எங்கட ஊர்க் கோயில். அதுக்கு ஒரு வெப்சைட் வேணும். அவ்வளவுதான்.

கோயில நடத்துற வண்ணக்கர் என்ட மனிசிட தாய்மாமன். நானும் மாமா எண்டுதான் கூப்பிடுற. கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கக்குள்ள வீட்ட வந்தார்.

"தம்பி, வெளிநாட்டில இரிக்கிற நம்மட ஆக்கள் திருவிழா விபரம் கேக்காங்க. நீ நைட் கிளாஸ்ல அந்தப் படிப்புத்தானே படிச்ச?"

படிச்சதுதான். பகல்ல ஹாட்வெயார் கடையில ஆணி நிறுக்கிற, பின்னேரம் புளியந்தீவுக்குப் போய் சொப்ட்வெயார் படிக்கிற. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டிலயும் அடிபடுறது என்ட விரல்தான்.

"செஞ்சு தாறன் மாமா. இதென்ன பெரிய வேலையா?" எண்டன்.

இந்த வாயத் தைச்சிருக்கணும்.

இந்தச் சொப்ட்வெயார்ல கோட் ஒண்டும் எழுதத் தேவல்ல. பெட்டியப் பிடிச்சு இழுத்து வச்சாச் சரி. பின்னால அதுவே முறைப்படி எழுதிக்கொள்ளும். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முறையாம். அந்த முறைப்படி செஞ்சா எந்தப் போன்ல பாத்தாலும், எந்தக் கொம்பியூட்டர்ல பாத்தாலும் பக்கம் ஒழுங்கா நிக்குமாம்.

உலகம் ஒத்துக்கொண்டிச்சு. எங்கட ஊர் ஒத்துக்கொள்ளல்ல.

முதல்ல ஒரு மஞ்சள் குறி வந்த. படங்களுக்கு நான் விளக்கம் எழுதல்லயாம். கண் தெரியாத ஆக்கள் பாவிச்சா அவங்கட போன் அத வாசிச்சுச் சொல்லுமாம். நல்ல விசயம்தானே? மாமாட படத்துக்கு எழுதினன்: "வயிறு பெருத்த ஒரு ஆள் சட்டை இல்லாம நிக்கிறார்."

கோயிலுக்குள்ள ஆம்பிளையள் சட்டை போடுறல்ல. வயிறும் உண்மை. கண் தெரியாதவங்களுக்குப் பொய் சொல்லலாமா?

இண்டர்நெட் இழுக்காட்டி படம் வராது, படம் இருக்கிற இடத்தில அந்த எழுத்துத்தான் வரும் எண்டு எனக்குத் தெரியா. கோயிலடியில சிக்னல் குறைவு எண்டு ஊருக்கே தெரியும்.

அது சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை குடிப் பக்கம்.

வெளியூர் ஆக்களுக்காகச் சொல்றன். எங்கட பக்கம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு குடி இரிக்கி. தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் வந்து போற ஆள். கோயில்ல ஒவ்வொரு குடிக்கும் ஒரு திருவிழா. எங்கட கோயில்ல ஏழு குடி, ஏழு திருவிழா. குடிப் பேரெல்லாம் இதில எழுதமாட்டன். எழுதினா எத முதல்ல எழுதின எண்டு கேள்வி வரும்.

ஏழு குடிக்கும் ஏழு பெட்டி செஞ்சன். ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே நிறம். மேல ஒண்டு கீழ ஒண்டு வச்சாத்தானே பிரச்சினை? ஒரே வரிசையா, பக்கத்தில பக்கத்தில வச்சன். பேர அகர வரிசையில போட்டன். என்ட மூளைய நானே மெச்சினன்.

திரைக்கு மேல சின்னதா ஒரு போன் படம் இருந்த. போன்ல எப்படித் தெரியும் எண்டு பாக்கிற பட்டனாம். அத அமத்தல்ல. உலகம் ஒத்துக்கொண்ட முறைதானே!

கோயில் மண்டபத்தில கூட்டம். லெப்டொப்ப டீவியில கொழுவிக் காட்டினன். எல்லாருக்கும் சந்தோசம். தம்பிப்பிள்ளை அம்மான் எழும்பி நிண்டார். அவர் என்ட அம்மாட தம்பி. அப்ப என்ட குடி. எங்கட குடிக்கு அவர்தான் தலைவர்.

"நல்லம் மருமகன்! எல்லாரும் தோளோட தோள் நிக்கிறம். இதுதான் கோயில்!"

கை தட்டினாங்க. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்த.

மறுகா எல்லாரும் போன எடுத்தாங்க.

முதல்ல மாமா. கண்ணாடியப் போட்டு, ஊருக்கே கேக்கிற மாதிரி வாசிச்சார்.

"வயிறு பெருத்த ஒரு ஆள்... சட்டை இல்லாம... தம்பி, இது ஆரு?"

"அது... படம் வந்தா நீங்க மாமா."

"படம் வராட்டி?"

"வராட்டியும் நீங்கதான்."

சிரிப்பு அடங்க முந்தி தம்பிப்பிள்ளை அம்மான்ட சத்தம் கேட்ட.

"மருமகன். இஞ்ச வா."

போனன். போனக் காட்டினார். போன் ஒடுக்கம்தானே? பக்கத்தில பக்கத்தில ஏழு பெட்டி கொள்ளாது. அதால சொப்ட்வெயார் தன்ட முறைப்படி பெட்டியள ஒண்டுக்குக் கீழ ஒண்டா அடுக்கி வச்சிரிக்கி. மேல இரிக்கிறது என்ட மனிசிட குடி. வண்ணக்கர்ர குடியும் அதுதான்.

கீழ, எல்லாருக்கும் கீழ, என்ட குடி. அம்மான்ட குடி.

"டீவியில தோளோட தோள். போன்ல காலுக்குக் கீழயா?"

"அம்மான், அது அகர வரிசை."

"அகர வரிசைய ஆரு செஞ்ச? அவனும் உன்ட பொண்டாட்டிட குடியா?"

அம்மான் கூட்டத்தப் பாத்துத் திரும்பினார்.

"கேட்டுக்கொள்ளுங்க எல்லாரும்! இது திருந்தாட்டி இந்த வருசம் நம்மட திருவிழா இல்ல. மேளமும் இல்ல, பூவும் இல்ல!" எண்டுட்டு சால்வைய உதறித் தோள்ல போட்டுட்டு நடந்தார்.

மாமா என்ன ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார்.

"தம்பி, ஏழில ஒண்டு விழுந்தா நான் இந்தக் கோயில்ல வண்ணக்கரா நிக்க ஏலா. நான் நிக்க ஏலாட்டி, நீ என்ட மருமகள்ர வீட்டில இரிக்க ஏலா."

விளங்கிச்சா? எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்குச் சீதனம். நான் இரிக்கிறது மனிசிட வீடு. எனக்குச் சொந்தமா இரிக்கிறது லெப்டொப்பும் இடுப்பில கட்டுற ரெண்டு சாரமும்.

வீட்ட வந்தா என்ட அக்கா வாசல்ல நிக்கா. விசயம் எனக்கு முந்தி வந்திட்டு.

"பொண்டாட்டிட குடி தலைமாட்டில, பெத்த தாய்ர குடி கால்மாட்டில! நல்லாப் படிச்சிரிக்காய்டா நைட் கிளாஸ்!"

உள்ளுக்கிருந்து மனிசி, "ஏன் மச்சாள், மேல இரிக்கிறது எங்கட பிழையா?" எண்டா.

நான் கிணத்தடிக்குப் போயிட்டன்.

யோசிச்சன். போனச் சரிச்சுப் பிடிச்சா அகலம் கூடும்தானே? அகலம் கூடினா பெட்டியள் திரும்ப வரிசையா நிக்கும். இவ்வளவு லேசான விசயத்துக்கா இந்தப் பாடு! மாமாக்குச் சொன்னன். அவர் உடனே கோயில் ஒலிபெருக்கியில சொல்லிட்டார்.

"பக்த அடியார்களுக்கு ஓர் அறிவித்தல்! ஆலயத்தின் இணையத்தளத்தைப் பார்வையிடுபவர்கள் கைத்தொலைபேசியைச் சரித்துப் பிடித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!"

அந்தப் பின்னேரம் ஊரே போனச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்ட. தேத்தண்ணிக் கடையில, தோணியடியில, பஸ் நிக்கிற இடத்தில, எல்லா இடத்திலயும். அம்மான்ட போன்ல திரை திரும்பாம பூட்டி இரிக்கி. அவர் போனச் சரிச்சார், படமும் சேந்து சரிஞ்ச. மறுகா கழுத்தச் சரிச்சார். கழுத்துப் பிடிச்சுக்கொண்ட. அதுவும் என்ட கணக்கில.

பூட்டத் திறந்து குடுத்தன். பாத்தா, சரிச்சாலும் ஏழு பெட்டி கொள்ளல்ல. நாலு மேல, மூண்டு கீழ.

முதல்ல ஒரு குடிக்குத்தான் கோவம். இப்ப மூண்டு குடிக்கு.

மாமா போன் எடுத்தார். "தம்பி, நீ திருத்துறியா, ஆள் சேக்கிறியா?"

அப்பதான் என்ட மூளை இன்னொரு தரம் வேலை செஞ்ச. அது வேலை செய்யாம இருந்திருக்கலாம்.

பக்கம் திறக்கிற ஒவ்வொரு தரமும் பெட்டியள் தன்ட பாட்டில இடம் மாறுற மாதிரிச் செஞ்சன். சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி. ஒருக்கா இவர் மேல, ஒருக்கா அவர் மேல. இத விட நீதி எங்க இரிக்கி?

கொஞ்ச நேரம் ஊர் அமைதி. அம்மான் போன்ல வந்தார்.

"இப்ப சரி மருமகன். நாம மேல."

அவர் வைக்க மாமா எடுத்தார்.

"நல்லம் தம்பி. நம்மட குடி பழையபடி மேல வந்திட்டு."

ரெண்டு பேருக்கும் "ஓம்" எண்டன். ரெண்டும் உண்மை.

அக்காவும் மனிசியும் ஒரே குசினியில சமைச்சுக்கொண்டு நிக்காட்டி இது ஓடியிருக்கும்.

"பாத்தியா மச்சாள், எங்கட மேல" எண்டு அக்கா போனக் காட்டினா. "எங்க? எங்கடதானே மேல?" எண்டு மனிசி தன்ட போனக் காட்டினா. அக்கா திரும்பத் திறந்தா. அவட குடி நாலாவதில. இன்னொருக்காத் திறந்தா. ஆறாவதில.

"டேய்! சாமிட பக்கத்த சூதாட்டப் பலகை ஆக்கிட்டியேடா!"

அம்மானுக்கு விசயம் போன. மனிசன் விடல்ல. குந்தி இருந்து, திறந்து திறந்து, தன்ட குடி மேல வந்த உடன நிப்பாட்டினார். மறுகா போன ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடந்து வந்தார். விளக்குக் கொண்டு வாற மாதிரி, மெதுவா, காத்துப் படாம.

"ஒருத்தரும் தொடாதீங்க! தொட்டா மாறிடும்! வண்ணக்கர், வந்து பாரும், இதுதான் கடைசி முடிவு!"

மாமா கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிஞ்சார். எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கொண்டு நிண்டம்.

போன் அடிச்ச.

அம்மான்ட மனிசி, எங்கட மாமி. "என்னகா, சோறு ஆறுது, வரல்லயா?" எண்டு கேக்கா.

கதைச்சு முடிச்சுப் பாத்தா, பக்கம் புதுசாத் திறந்து, எங்கட குடி அஞ்சாவதில.

நான் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிச்சிட்டன். அம்மான் என்னப் பாத்த பார்வையில எனக்குச் சாரம் அவிழப் பாத்த.

விடிஞ்சாக் கொடியேற்றம். மேளகாரருக்கு அம்மான் இன்னும் சொல்லல்ல. மாமா மண்டபத்துத் தூண்ல சாஞ்சு இருந்தார். சண்டை இல்ல, ஏச்சு இல்ல. அதுதான் எனக்குப் பயம்.

போய் அம்மானுக்குப் பக்கத்தில இருந்தன்.

"அம்மான், உங்களுக்கு என்ன இடம்தான் வேணும்? மேலயா?"

"எனக்கு மேல வேணாம் மனே. இன்னொருத்தருக்குக் கீழ வேணாம், அவ்வளவுதான்."

"கோயில்ல எப்பிடிச் சமாளிக்கிறீங்க? அங்கயும் ஏழு பேர்தானே?"

என்ன ஒரு மொக்கனப் பாக்கிற மாதிரிப் பாத்தார்.

"கோயில்ல எங்கட நாளில நாங்க மட்டும்தானேடா."

லெப்டொப்ப அந்த இடத்திலயே திறந்தன். ஏழு பெட்டியையும் அழிச்சன். ஒரே ஒரு பெட்டி வச்சன். அண்டண்டைக்கு எந்தக் குடிட திருவிழாவோ அந்தக் குடிட பேர் மட்டும் வரும். போன்லயும் ஒண்டு, டீவியிலயும் ஒண்டு, சரிச்சாலும் ஒண்டு. போன் படம் இருந்த அந்தப் பட்டனையும் அமத்திப் பாத்தன்.

அம்மான் பாத்தார். போன எடுத்து மேளகாரரக் கூப்பிட்டார்.

மாமா தூண விட்டு எழும்பிப் போய் முகம் கழுவினார்.

திருவிழா நல்லா நடந்த. அம்மான்ட நாளில திரை நிறைய எங்கட குடிப் பேர். தேத்தண்ணிக் கடையில ஒவ்வொருத்தர்ர மூக்குக்குக் கிட்டயும் போனக் கொண்டு போய்க் காட்டினார்.

"மருமகன், இத இப்பிடியே விட ஏலாதா?"

"நாளைக்கு மாறும் அம்மான்."

"மாறட்டும், மாறட்டும். இண்டைக்கு நல்லா இரிக்கி" எண்டு இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார். எனக்கும் ஒண்டு.

நேத்து ஏழாம் திருவிழாவும் முடிஞ்சு தீர்த்தமும் ஆடியாச்சு. இண்டைக்கு ஆர்ர நாளும் இல்ல. அதால பெட்டி வெறுமையா இரிக்கி. வெறும் பெட்டியக் கண்டா எங்கட ஆக்களுக்கு மனசு கேக்காதே! அடுத்த வருசம் வரைக்கும் அதில ஆர்ர பேர் நிக்கிற எண்டு முடிவெடுக்க இப்ப மண்டபத்தில கூட்டம்.

வாசல் படலையடியில அம்மான்ட சத்தம் கேக்குது.

"மருமகன்! எல்லாரும் வந்தாச்சு, நீதான் பாக்கி! லெப்டொப்பையும் கொண்டு வா!"

போறன் தம்பி. லெப்டொப்ப மனிசிட அலுமாரியில வச்சுப் பூட்டிட்டுத்தான் போறன்.