வாழைப்பழத்துக்குப் பதினொரு தையல்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்களே வாக்களித்து அதே ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் ஒளிமங்கல நாட்டில் ஓர் அரசு மருத்துவமனை இருந்தது. அங்கே கையுறை கிடையாது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இந்தக் குறைகளைப் போக்க, நான்கு கைகள் கொண்ட அறுவை இயந்திரம் ஒன்றை ராஜா கடல்தாண்டி வரவழைத்தார்.

இயந்திரத்தின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் வார்டுகளின் மின்விசிறிகளை நிறுத்த ஆணை வந்தது. திறப்பு விழாவில் ராஜா முன்னிலையில் அது ஒரு வாழைப்பழத் தோலைத் தைத்துக் காட்டும் என்பதால், கையிருப்பில் இருந்த தையல் நூலை எல்லாம் பூட்டிவைக்க இன்னோர் ஆணை வந்தது.

விழா நாள் காலையில் வேம்புலி தன் மனைவி பவளக்கொடியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். மருத்துவர் சிற்சபேசன் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடலில் ஓட்டை. அவருடைய இரண்டு கைகளுக்கு ஒருமணி நேர வேலை. அமைச்சரிடம் ஓடினார்.

"ஐயா, ஒரே ஒரு நூல் கொடுங்க. பழத்துக்கு, தையல்கடை நூலே போதுமே?"

"ராஜா கிட்ட வந்து பாப்பாரு டாக்டர். டூப்ளிகேட்னு தெரிஞ்சா நாட்டு மானம் என்னாகுறது? மிஷினை ஓட்டப் பயிற்சி எடுத்த ஒரே ஆளு நீங்க. பத்தரைக்கு முகூர்த்தம். போய்ச் சட்டையை மாத்துங்க."

சிற்சபேசன் சட்டையை மாற்றிக்கொண்டார்.

"வந்துருவீங்கல்ல சார்?" என்றான் வேம்புலி.

"இதோ வந்துடறேன்."

ராஜா ஒன்றே முக்காலுக்கு வந்தார். பதினொரு தையல், ஒன்றுகூடக் கோணவில்லை. கைதட்டல் எழுந்தபோது சிற்சபேசனுக்கு ஒரு கணம் இனித்தது. அதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

வார்டுக்குத் திரும்பியபோது பவளக்கொடியின் முகத்தைத் துணி மூடியிருந்தது. வேம்புலி இன்னும் நோயாளிச் சீட்டால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"கைதட்டுற சத்தம் கேட்டுச்சு சார். நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"ம்" என்றார்.

பின்னாலேயே அமைச்சர் பதிவேட்டோடு வந்தார். "முதல் நோயாளின்னு ஒரு பேரு வேணும் டாக்டர். வாழைப்பழம்னா எழுத முடியும்?"

அப்போது சிற்சபேசனுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. எழுதினார். எதிரே 'குணமடைந்தார்' என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டார். குணமானவளுக்கு இறப்புச் சான்றிதழ் தர விதியில்லை என்று வேம்புலியைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆறு மாதத்தில் தேர்தல் வந்தது. சாவடியில் அலுவலர் பட்டியலைப் புரட்டியபோது, பவளக்கொடி வாக்களித்துவிட்டதாகக் குறி விழுந்திருந்ததைச் சிற்சபேசன் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"என்ன சார், ஏதாவது சொல்லணுமா?" என்றார் அலுவலர்.

சிற்சபேசன் மை வைக்க விரலை நீட்டினார்.