வெள்ளையணு உயிர் விட்ட ஞாயிற்றுக்கிழமை

நல்ல குரல் என்று ஒருவனிடம் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் நம்பிவிடுவான். நான் நம்பினேன்.

அப்போது எனக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு கால் சென்டரில் வேலை. உங்கள் குரல் நன்றாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள் (அடுத்த நொடி திட்டுவார்கள், அது வேறு விஷயம்). அந்தத் தைரியத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஒரு கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கப் போனேன். என் பாத்திரம் வீரா என்ற வெள்ளையணு. உடம்புக்குள் நுழையும் கிருமிகளை விழுங்குகிறவன். படம் இன்னும் தயாராகவில்லை என்று ஒரு தாளை மட்டும் கொடுத்தார்கள். மூன்றே வசனம். "நான் இருக்கும்வரை ஒரு கிருமியும் உள்ளே வராது" என்பது முதலாவது. கடைசி வசனம் வெறும் "ஆ".

டைரக்டர் கன்னடக்காரர், யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். அந்த "ஆ" வந்ததும், "உயிர் விடு குரு, இன்னும் ஸ்வல்ப உயிர் விடு" என்றார். பாவம், உயிரைக் கொடுத்துப் பேசு என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று மனசுக்குள் அவர் தமிழைத் திருத்திக்கொண்டேன். கிருமி மேல் பாய்கிற வேகத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு "ஆ" போட்டு, மூச்சு தீரும்வரை இழுத்தேன். கடைசியில் இருமல் வந்துவிட்டது. அதையும் சந்தோஷமாக வைத்துக்கொண்டார்.

அதே சமயம் வீட்டில் எனக்கு ஸ்டெல்லாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோலார் தங்கவயல் பெண், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பெண் பார்க்கப் போனபோது ஒரே ஒரு தடவை சிரித்தாள், அத்தோடு நான் காலி. ஆனால் அவள் அப்பாவுக்குக் கால் சென்டர் என்றால் இளக்காரம். எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போயிருந்தது. இதையும் விட்டுவிடக் கூடாதென்று, கார்ட்டூனில் நான்தான் ஹீரோ என்று சொல்லிவைத்தேன். அவர்கள் எங்கள் வீடு பார்க்க விவேக் நகருக்கு வந்த ஞாயிறன்று, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எல்லோரையும் டிவி முன்னால் உட்காரவைத்தேன். டைரக்டர் முந்தின நாளே படத்தை அனுப்பியிருந்தார். எல்லோரோடும் சேர்ந்து ரசிக்கலாம் என்று நான் திறக்கவே இல்லை.

படம் ஓடியது. ஒரு பையன் விழுந்து முழங்காலில் காயம். வெள்ளை உருண்டையாக நான் வந்தேன், வசனம் பேசினேன். அம்மா பெருமையாக ஸ்டெல்லாவின் அம்மாவைப் பார்த்தாள். ஒரு கிருமியை விழுங்கினேன், இன்னொன்றை விழுங்கினேன், வீங்கினேன். பிறகு "ஆ" என்று மல்லாந்து விழுந்து, இருமி, மஞ்சளாகிக் கரைந்துபோனேன். பையனின் அம்மா என்னைப் பஞ்சால் துடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். டைரக்டர் தமிழில் ஒரு தப்பும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கதை ஒரு சிவப்பணுவோடு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்டெல்லாவின் அப்பா மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க மறுபடி எப்ப வருவீங்க?"

இப்ப வந்துடுவான் என்றாள் அம்மா. நான் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வரமாட்டார்ப்பா," என்றாள் ஸ்டெல்லா. "அவர் சீழ் ஆயிட்டாரு."

எனக்குக் காது சுட்டது. இந்தப் பெண்ணும் போச்சு என்று நினைத்ததும் நிஜமாகவே அழுகை வந்தது. அவளோ, "லேப்ல தினம் இதுங்களைத்தான் பார்க்கறேன். சத்தமில்லாம செத்துக் கிடக்கும். ஒண்ணுகூட இப்படிக் கத்தினதில்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை போனில் சம்மதம் சொன்னார்கள். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டேன். பொய் சொன்னால் உங்களுக்கு முகத்திலேயே தெரிகிறது, அது போதும் என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கட்டி வந்தாலும் அது நான்தான். போன மாசம் மாமனாருக்கு முதுகில் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரே கூப்பிட்டார்.

"மாப்ள, நீங்கதான் வந்திருக்கீங்க. நாளைக்குக் கீறி எடுத்துடறாங்களாம். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."