தலையணை உயர்மட்டக் குழு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. தலையணைக்கு ஓர் 'உயர்மட்டக் குழு' வேண்டும் என்று கண்டுபிடித்தது மட்டும் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு வாரியம். பெயரைச் சொல்வதற்கில்லை. தன்னடக்கம் மிகுந்த வாரியம் அது. புகழ்ந்தால் நோட்டீஸ் அனுப்பும்.

இந்தப் பெருமைக்கு வழிவகுத்தவள் ராகேல். போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பெண். வாரியத்தில் டைப்பிஸ்ட், தங்கியிருந்தது வாரியத்தின் பெண்கள் ஹாஸ்டலில். அங்கே அவளுக்குக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணைக்குப் பதினான்கு வருட சர்வீஸ். தலை வைத்தால் தும்மல். தும்மல் நின்றால் இழுப்பு. மழை தொடங்கியதும் பூஞ்சணமும் குடியேறியது.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "பழசைத் தூக்கி எறி. துவைக்கக்கூடிய தலையணை வாங்கு. ஜிப் வெச்ச இறுக்கமான உறை போட்டு, வாரம் ஒருதரம் உறையைச் சுடுதண்ணியில துவை."

ராகேல் தலையணையும் உறையும் வாங்கினாள். உறையை வார்டன் விஜயம் மன்னித்து உள்ளே விட்டார்; தலையணையைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். அது ஸ்டாக்கில் இல்லாத தலையணை. ஆகவே ராகேல் மனு எழுதினாள்.

உதவி இயக்குநர் ஸ்ரீகண்டன் மனுவை நான்கு முறை படித்தார். ஒரே முறை படித்து முடிவெடுக்கும் அவசரக்காரர் அல்லர் அவர்.

"தும்மலுக்கு ரெக்கார்டு உண்டோ?"

"இப்பத் தும்மிக் காட்டட்டுமா சாரே?"

"மூக்கால வேண்டாம். எழுத்துல வேணும்."

தலையணை கேட்டவளுக்கு முதலில் கிடைத்தது ஆணை. குழு அமைந்தது. தலைவர் ஸ்ரீகண்டன்; ஒரே உறுப்பினர் கொள்முதல் பிரிவு ஜெயந்த். இருவருக்கும் ஒவ்வாமை என்பதே கிடையாது, எனவே 'நடுநிலையாளர்கள்'. ராகேலுக்கு இடமில்லை. தும்முகிறவள் தலையணையைப் பற்றித் தப்பெண்ணம் கொண்டிருப்பாள் அல்லவா?

குழு ஆறு ரகத் தலையணைகளோடு பொன்முடி மலையேறி, இரண்டு நாள் 'கள ஆய்வு' நடத்தியது. அறிக்கை இப்படிச் சொன்னது: 'குழுவினர் இடைவிடாது உறங்கினர். தும்மல் எதுவும் பதிவாகவில்லை.' ஆபீஸில் நடப்பதும் இதுதானே என்று சிலர் பொறாமையால் பேசினார்கள்.

மனு கொடுத்து நான்கு மாதம் ஓடியது. அந்த நான்கு மாதமும் ராகேல் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஒருவழியாக நாற்பது தலையணைகள் வந்தன. ரிப்பன் வெட்டினார்கள். 'பயனாளி' என்று ராகேலை மேடையில் ஏற்றி, ஒரு தலையணையில் கன்னம் சாய்க்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அது மெத்தென்றிருந்தது. பழைய பஞ்சின் நாற்றம் இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

ஜெயந்த் கையை நீட்டினார். "போட்டோ ஆச்சு, கேட்டோ. இங்க தா, ஸ்டோர்ல வெச்சுப் பூட்டணும்."

"பூட்டவா? படுக்கத்தானே சாரே வாங்கினது?"

"படுத்தாத் தூசி பிடிக்குமே!" ஸ்ரீகண்டன் பொறுமையாக விளக்கினார். "தூசி பிடிச்சா அப்புறம் இது அலர்ஜி இல்லாத தலையணை ஆகுமோ?"

ஆழ்ந்த தத்துவம். ராகேலுக்குத்தான் எட்டவில்லை. அவள் தலையணையை மார்போடு கட்டிக்கொண்டாள்.

"தர மாட்டேன் சாரே."

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல உள்ள பொருளாக்கும் அது!"

"நானும் உங்க ரிஜிஸ்டர்ல உள்ளவதான்."

கைதட்டலா, கண்டனமா என்று சபை முடிவு செய்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். ஹாஸ்டல் அறையில் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். துவைத்து வைத்திருந்த உறையை மாட்டினாள். நான்கு மாதத்துக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்தாள். விடியும்வரை ஒரு தும்மல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை.

மறுநாள் அவளை விதுரா கிளைக்கு மாற்றி உத்தரவு வந்தது. புறப்படும் முன் தலையணையை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒப்படைத்தாள். உறையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று மாலையே குழு தன் இறுதி அறிக்கையை அளித்தது. ஒரே வரிதான்:

'ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் கண்டறியப்பட்டு, ஹாஸ்டலிலிருந்து அகற்றப்பட்டது.'